தாலாட்டுக்கு 61 பேஸ் சுரங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்தேகால் மணிக்குக் கடைசி மிக்ஸை, எல்லா ஒலியும் சேர்ந்த பதிவை, வெளியே எடுத்தேன். மொத்தம் 3 நிமிடம் 41 விநாடி. அதில் இருப்பது ஒரு குரல், ஒரு பேஸ் கிட்டார் (கீழ்ச் சுரங்களை வாசிக்கும் கிட்டார்), எட்டு பார் (தாளத்தின் ஒரு சுற்று ஒரு பார்) மட்டும் வந்துபோகும் ஒரு செல்லோ, ஒரு கயிற்றுச் சத்தம். இதற்கு நாலு மாதம் ஆனது. இதே பாட்டுக்கு மென்பொருள் 25 நிமிடத்தில் ஆறு பேர் குழுவையே வாசிக்கவைத்துக் கொடுத்திருந்தது. அதைத் தூக்கிப்போட்டுவிட்டு நானே வாசிக்க இறங்கிய கதைதான் இது. எங்கெங்கே வழுக்கினேன் என்பதையும் மறைக்காமல் எழுதிவைக்கிறேன்.

பாட்டு அம்மாவுடையது. அவருடைய அம்மா பாடிய தாலாட்டு. இப்போது என் மகளுக்கு, ஐந்து மாதப் பாப்பாவுக்கு, தூளியை ஆட்டிக்கொண்டே பாடுகிறார். எங்களுக்கு ஊர் கோபிசெட்டிபாளையம் பக்கம். வீடு பழைய வீடு, கூடத்து உத்திரத்தில் தூளிக்கென்றே ஒரு இரும்புக் கொக்கி உண்டு. நானும் அதில்தான் தூங்கினேனாம்.

முதலில் முறையாகச் செய்யலாம் என்று அம்மாவுக்கு ஹெட்ஃபோன் மாட்டி, தாளத்துக்கு டக் டக்கென்று அடிக்கும் கிளிக் சத்தத்துக்குப் பாடச் சொன்னேன். இரண்டு வரியோடு நிறுத்திவிட்டார். "காதுக்குள்ள மரங்கொத்தியாட்டம் கொத்துதே சாமி, எப்படிப் பாடறது?" சரி, அது நடக்காது. மறுநாள் மத்தியானம் பாப்பாவைத் தூங்கவைக்கும்போது, ஜன்னல் திண்டில் ஃபோனை வைத்துப் பதிவு செய்துகொண்டேன். அம்மாவின் வாய்க்கும் ஃபோனுக்கும் இரண்டரை அடி. குரல் நன்றாகவே விழுந்திருந்தது. கூடவே தூளி போகும்போது ஒரு கிரீச், வரும்போது ஒரு க்ர்ர். இரும்பும் கயிறும் உரசும் சத்தம்.

அந்தக் கிரீச்சை எடுக்க ஒரு சனி, ஞாயிறு முழுக்கப் போனது. இரைச்சல் நீக்கும் கருவியை அழுத்த அழுத்த, சத்தம் குறைந்ததோ இல்லையோ, அம்மாவின் குரல் தண்ணீர்த் தொட்டிக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிட்டது. பாதி நீக்கி, பாதி விட்டு, அப்படியே வைத்துக்கொண்டேன். இது ஒரு தவறு. மூலப் பதிவைத் தனியே பத்திரப்படுத்தியிருந்தது மட்டும் நல்ல காலம்.

அடுத்தது மென்பொருள். கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கொத்து) பெயர்களை வரிசையாகத் தட்டி, ஒரு பாணியைத் தேர்ந்தெடுத்தால் பேஸ், டிரம்ஸ், பியானோ, கிட்டார், ஸ்டிரிங்ஸ் எல்லாம் தானாக வாசிக்கும் வகை அது. 1990-இல் வந்த பேண்ட்-இன்-எ-பாக்ஸ் காலத்திலிருந்தே இந்த வகை இருக்கிறது. நான் 4,900 ரூபாய்க்கு வாங்கியது பிறகு வந்தவற்றில் ஒன்று. பாட்டு 72 பார். ஜி, சி, டி, இ மைனர் என்று எனக்குத் தெரிந்த நாலு கார்டை மாற்றி மாற்றிப் போட்டேன். ஆறெட்டில் ஒரு மெதுவான பாணி. பொத்தானை அழுத்தியதும் அழகாகத்தான் வாசித்தது. ஒரு பிசிறு இல்லை.

அதன்மேல் அம்மாவின் குரலை வைத்தபோதுதான் முதல் சிக்கல். அம்மாவின் சட்ஜம் ஐந்து கட்டைச் சுருதியிலும் (மேற்கத்திய ஜி) இல்லை, நாலரையிலும் இல்லை. ஐந்துக்குக் கீழே 40 சென்ட். (ஒரு அரைச் சுரத்துக்கு 100 சென்ட்.) நான் செய்த காரியம், குரலை 40 சென்ட் மேலே ஏற்றியது. கேட்டால் குரலில் ஒரு பிளாஸ்டிக் பளபளப்பு. குழுவைத்தான் கீழே இறக்க வேண்டும், அம்மாவை ஏற்றக் கூடாது என்று புரியவே இரண்டு நாள் ஆனது.

இரண்டாவது சிக்கல் தாளம். மென்பொருளுக்கு ஒவ்வொரு பாரும் ஒரே நீளம், அம்மாவுக்கு அப்படி இல்லை. ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் குரலைப் போட்டு, பார் பாராக டெம்போ (வேகம்) குறி வைத்தேன். 72 குறிகள், ஆறு மணி நேரம். (ரீப்பரை 60 நாள் இலவசமாக ஓட்டிப் பார்க்கலாம், பிறகு தனிநபர் உரிமம் 60 டாலர். நான் இன்னும் அந்த 60 நாளுக்குள் இருந்தேன்.) கடைசியில் அந்தக் குறிகளில் முக்கால்வாசி எனக்குப் பயன்படவே இல்லை. ஆனால் வைக்கும்போது ஒன்று கண்ணில் பட்டது. பெரும்பாலான பார்கள் 3 விநாடிக்கு மிக அருகில். வரி முடிவில் மட்டும் கொஞ்சம் இழுவை, 3.4 வரை. கிளிக் இல்லாமல் பாடும் ஒருவருக்கு இவ்வளவு நிதானம் எங்கிருந்து வந்தது?

எழுந்து போய் டேப்பை எடுத்து அளந்தேன். கொக்கியிலிருந்து தூளியில் பாப்பா படுத்திருக்கும் இடம் வரை 7 அடி 4 அங்குலம். அந்த நீளத்தில் தொங்கும் எதுவும் ஒருமுறை போய்வர 3 விநாடிதான் ஆகும். பெண்டுலக் கணக்கு, பள்ளியில் படித்தது. அம்மா தூளிக்குப் பாடியிருக்கிறார். கிளிக் வேண்டாம் என்றவருக்குத் தலைக்குமேல் ஒரு கிளிக் ஓடிக்கொண்டுதான் இருந்தது, நான்தான் அதை இரைச்சல் என்று நினைத்து இரண்டு நாள் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதும் மென்பொருளை விடவில்லை. டெம்போ குறிகளோடு குழுவைப் பொருத்தி, 40 சென்ட் இறக்கி, ஒரு மிக்ஸ் செய்து அம்மாவிடம் போட்டுக் காட்டினேன். முழுசாகக் கேட்டார். அப்புறம், "நல்லாத்தான் இருக்குது கண்ணு. கல்யாண மண்டபத்துல ஜனம் வர்றதுக்கு முன்னால போட்டு உடுவாங்களே, அதாட்டம்" என்றார்.

எனக்குக் கொஞ்சம் கோபம்தான். ஆனால் ராத்திரி தனியாகக் கேட்டபோது அவர் சொன்னது சரியாக இருந்தது. அந்தக் குழு எந்தப் பாட்டுக்கும் இதையேதான் வாசித்திருக்கும். அம்மா மூச்சு விடும் இடத்தில் பியானோ நிரப்புகிறது, அம்மா நிறுத்தி இழுக்கும் இடத்திலும் நிரப்புகிறது. அதற்குக் கார்டு தெரியும், பாட்டு தெரியாது.

ஏன் ஒட்டவில்லை என்று பார்க்க பேஸ் டிராக்கை மட்டும் மிடியாக (ஒலியாக இல்லாமல், சுரங்களின் பட்டியலாக) வெளியே எடுத்து, ஒவ்வொரு சுரமாகப் பார்த்தேன். இந்த முழு வேலையிலும் அதிகம் கற்றது இந்த ஒரு சாயங்காலத்தில்தான். அம்மாவுக்கு ராகம் என்றெல்லாம் பெயர் தெரியாது. ஆனால் பாட்டில் வருவது ஐந்து சுரம் மட்டும்: ச, ரி, க, ப, த. மோகனத்தின் சுரங்கள். ஐந்து கட்டை என்று வைத்துக்கொண்டால் ஜி, ஏ, பி, டி, இ. மென்பொருளின் பேஸோ ஜியிலிருந்து டிக்குப் போகும்போது படிக்கட்டில் ஏறுவதுபோல் ஜி, ஏ, பி, சி, டி என்று ஏறுகிறது. நடுவில் அந்த சி, அதாவது மத்திமம், பாட்டில் கிடையவே கிடையாது. எண்ணிப் பார்த்தேன், மத்திமம் 14 இடத்தில், நிஷாதம் 9 இடத்தில்.

முழுப் பழியையும் மென்பொருள்மேல் போட முடியாது. சி கார்டு கொடுத்தது நான். அதில் சி இல்லாமல் எப்படி இருக்கும்? டி கார்டுக்குள் எஃப் ஷார்ப் உட்கார்ந்திருக்கிறது, அது இந்தப் பாட்டில் நிஷாதம். சரி என்று ஜி, இ மைனர் இரண்டை மட்டும் கொடுத்து மறுபடி ஓட்டினேன். அப்போதும் மத்திமம் ஆறு, நிஷாதம் ஐந்து. ஒரு கார்டிலிருந்து இன்னொன்றுக்கு நடந்துபோக அதற்கு அந்தப் படிகள் வேண்டும். மிடியில் அந்தப் பதினொன்றையும் கையால் மாற்றலாம், மாற்றியும் பார்த்தேன். சுரம் சரியானது, ஆனால் நடை அதே மண்டப நடை.

இந்த இடத்தில்தான் பேஸ் வாங்கினேன். கோயம்புத்தூரில் ஒருவர் விற்ற பழைய நாலு கம்பி, 6,500 ரூபாய். கம்பிகள் துருப்பிடித்திருந்தன, புதுசு 1,350. பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் 4 மி.மீ. இடைவெளி, அழுத்தினால் விரல் அலறியது. 1.5 மி.மீ. அலன் கீயால், கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜில் உள்ள சின்னத் திருகுகளை இறக்கி 2.5-க்குக் கொண்டுவந்தேன். அளக்க, அரை மி.மீ. கோடு போட்ட ஸ்டீல் ஸ்கேல் போதும். 2.5-இல் ஏழாம் ஃப்ரெட்டில் கம்பி விர்ரென்று அடித்தது, 2.8-க்கு ஏற்றினேன், நின்றது. தடித்த கம்பியைப் பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் பிடித்தால் 15 சென்ட் மேலே போனது. அந்தக் கம்பி உட்காரும் சேடிலை ஸ்க்ரூடிரைவரால் பின்னுக்கு இழுத்துச் சரிசெய்தேன். எல்லாம் சேர்த்து ஒரு காலை நேர வேலை.

சுருதி சேர்ப்பதில் ஒரு சுலப வழி கிடைத்தது. அம்மாவின் 40 சென்ட் வேறுபாட்டை மென்பொருளில் இறக்க அவ்வளவு பாடு பட்டேனே, கிட்டாரில் அது ஒரு பொத்தான் வேலை. 450 ரூபாய் கிளிப் டியூனரில் அடிப்படைச் சுருதி எண்ணான 440 ஹெர்ட்ஸை 430 ஆக மாற்றினால் கிட்டத்தட்ட அதே 40 சென்ட். நாலு கம்பியையும் அந்தக் கணக்குக்குச் சேர்த்தேன். இன்னொரு அதிர்ஷ்டம், பேஸின் நாலு திறந்த கம்பிகள் இ, ஏ, டி, ஜி. நாலுமே இந்தப் பாட்டின் சுரங்கள். ஒரு விரலும் வைக்காமல் தட்டினால்கூடத் தப்பாகாது. புதுசாக வாசிக்கிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

முதல் இரண்டு வாரம் வீடியோ பார்த்து ஸ்கேல் பயிற்சி செய்தேன். விரல் தடித்தது, பாட்டுக்கு ஒன்றும் வரவில்லை. பிறகு கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, அம்மாவின் பதிவை ஓடவிட்டு, அதற்கு அடியில் வாயால் முனகிப் பார்த்தேன். அந்த முனகலை ஃபோனில் பதிந்து, பிறகு அந்தச் சுரங்களைக் கம்பியில் தேடினேன். வேகம் வந்தது அப்போதுதான். இளையராஜா பாடல்களில் பேஸ் தனி மெட்டாகவே நடக்கும் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். நடக்கிற அந்த மெட்டு பாடுகிறவரை எங்கே தனியாக விடுகிறது என்று ஒருநாளும் கவனித்ததில்லை.

முதல் வடிவத்தில் பாருக்கு நாலு வீதம் 288 சுரம். அம்மா கேட்டுவிட்டு, "பின்னால யாரோ செருப்புப் போட்டுட்டு நடந்துட்டே இருக்கறாங்க" என்றார். இரண்டாவதில் 140. அதில் அம்மா 'ஆராரோ' என்று இழுக்கும் இடங்களில் எல்லாம் நான் கீழே ஏதோ செய்துகொண்டிருந்தேன், இழுவை கலைந்தது. மூன்றாவதில் ஒரு கட்டுப்பாடு வைத்தேன்: அம்மா வாய் திறந்திருக்கும்போது பாரின் தொடக்கத்தில் ஒரே ஒரு சுரம், அதுவும் தேவைப்பட்டால் மட்டும். அவர் மூச்சு விடும்போது இரண்டு, மூன்று. இப்படி எண்ணினால் 61 வந்தது. நாலு பாருக்கு ஒரு சுரமும் இல்லாத இடம்கூட உண்டு. வாசிக்கக் கூச்சமாக இருந்தது, ஏதோ வேலையைத் தட்டிக்கழிக்கிற மாதிரி.

பதிவில் இன்னொரு பாடம். ஹெட்ஃபோனில் பிரமாதமாக இருந்த பேஸ், மனைவியின் ஃபோனில் போட்டால் காணவே காணோம். தடித்த கம்பியின் மூன்றாம் ஃப்ரெட் ஜி, சுமார் 49 ஹெர்ட்ஸ். அவ்வளவு கீழே ஃபோன் ஸ்பீக்கர் பேசாது. நம் சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்கப்போவது ஃபோனில்தான். பாதிச் சுரங்களை ஒரு ஸ்தாயி மேலே, திறந்த ஜி கம்பிக்கு மாற்றினேன். மீதியைப் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் தட்டி வாசித்தேன், அங்கே கம்பி கொஞ்சம் கரகரப்பாகப் பேசும், ஃபோனிலும் அந்தக் கரகரப்பு கேட்கிறது.

ஸ்டிரிங்ஸ் பகுதி தோல்வி என்றே சொல்லலாம். இரண்டு இடையிசை, எட்டு எட்டு பார். இலவச ஒலித்தொகுப்பு ஒன்றை வைத்து, கீபோர்டில் கார்டாகப் பிடித்து வாசித்தேன். தேவாலய ஆர்கன்போல் வந்தது. இரண்டு வயலின், வயோலா, செல்லோ என்று நாலு வாத்தியத்துக்கும் தனித்தனியாக எழுதலாம் என்று உட்கார்ந்தால், இரண்டாம் வயலின் பல இடங்களில் சத்தமே போடவில்லை. மென்பொருள் கெட்டுவிட்டது என்று நீக்கி, மறுபடி நிறுவி, இரண்டு மணி நேரம் வீண். வயலினுக்குக் கீழே கடைசிக் கம்பி ஜி. அதற்குக் கீழே நான் எழுதிய சுரங்களுக்கு அந்த வாத்தியத்தில் இடமே இல்லை, தொகுப்பு நேர்மையாக மௌனமாக இருந்திருக்கிறது.

அதன்பிறகு வயலின், வயோலா எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் செல்லோவை மட்டும் வைத்தேன். அம்மா பஞ்சமத்திலிருந்து காந்தாரத்துக்கு வழுக்கி இறங்குவார், அதையே செல்லோ திருப்பிச் சொல்ல வேண்டும் என்று ஆசை. கீபோர்டில் சுரத்தை வளைக்கும் பிட்ச் வீலைத் திருப்பினால் பாதியில் நின்றது. வழக்கமாக அது இரண்டு அரைச்சுரம்தான் வளையும், இங்கே தேவை மூன்று. அமைப்பில் 12 என்று மாற்றினேன், வளைந்தது. ஆனால் இப்போது வீலைத் தொட்டாலே எகிறுகிறது. நாற்பது முறையாவது வாசித்திருப்பேன், ஒன்று தேறியது. அது இரண்டாம் இடையிசையில் இருக்கிறது. முதல் இடையிசைக்கு எதுவும் சரிவராததால் தூளிச் சத்தமும் பேஸும் மட்டும்.

தூளிச் சத்தம் என்றேனே, அதற்கு வருகிறேன். டிரம்ஸ் வேண்டாம், அந்தக் கிரீச்சே தாளம் என்று முடிவுசெய்ததும், அதைத் தனியாக, நல்ல மைக்கில் எடுக்கலாம் என்று நண்பரிடம் மைக் கடன் வாங்கி வந்தேன். பாப்பாவை வைத்து ஆட்டினால் சத்தம் இல்லை. சுத்தமாக இல்லை. அம்மா சொல்லி, அப்பா முந்தின வாரம் கொக்கிக்குத் தேங்காய் எண்ணெய் போட்டிருக்கிறார். துணியால் துடைத்தேன், மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன், பாப்பாவுக்குப் பதில் அஞ்சு கிலோ அரிசிப் பையை வைத்து ஆட்டினேன். வேறு ஏதோ சத்தம் வந்தது, அந்தச் சத்தம் வரவில்லை.

அதனால் பழைய ஃபோன் பதிவுக்கே திரும்பினேன். துடைக்காத மூலத்தில், அம்மா பாடாத இடங்களைத் தேடி, குரல் கலக்காத கிரீச்சுகளை வெட்டி எடுத்தேன். போவதில் ஆறு, வருவதில் ஐந்து, ஆக 11 தேறியது. ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப ஒட்டினால் காது கண்டுபிடித்துவிடும், அதனால் மாற்றி மாற்றி வைத்தேன். இதுவும் முன்னிசை, முதல் இடையிசை இரண்டுக்கு மட்டும்தான் தேவைப்பட்டது. பாடும் இடங்களில் மூலப் பதிவிலேயே சத்தம் இருக்கிறதே! இரைச்சல் நீக்கிய குரலைத் தூக்கிப்போட்டுவிட்டு, மூலத்தை அப்படியே வைத்தேன். பேஸையும் டெம்போ குறியைப் பார்த்து வாசிக்கவில்லை, கிரீச்சைக் கேட்டு வாசித்தேன். அப்படி வாசித்ததுதான் ஒட்டியது.

செலவு: பேஸ் 6,500, கம்பி 1,350, டியூனர் 450, ஆடியோ இன்டர்ஃபேஸ் (கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) 7,800, கேபிள் 350. மொத்தம் 16,450. மென்பொருளுக்குக் கொடுத்த 4,900 தனி. நேரத்தைக் குறித்துவைத்தேன், 86 மணி. இதில் இரைச்சல் நீக்கல், டெம்போ குறி, ஸ்டிரிங்ஸ் மூன்றும் சேர்ந்து முப்பது மணிக்குமேல் தின்றிருக்கும்.

அந்த மென்பொருளை நீக்கிவிடவில்லை. போன மாதம் அலுவலகத்தில் ஒருவர் ஓய்வு பெற்றார், புகைப்படத் தொகுப்புக்குப் பின்னால் ஓட ஒரு இசை கேட்டார்கள். இருபது நிமிடத்தில் செய்து கொடுத்தேன், எல்லாருக்கும் பிடித்திருந்தது. அங்கே பாடுகிறவர் யாரும் இல்லை, நிரப்புவதுதான் வேலை. பேஸ் பயிற்சிக்கும் அதையே ஓடவிட்டு வாசிக்கிறேன். பியானோவையும் கிட்டாரையும் அணைத்துவிடுவேன்.

அடுத்த முறை மாற்றிச் செய்ய வேண்டியவை சில உண்டு. பதிவைத் தொடும்முன் எண்ணெய் டப்பாவை ஒளித்துவைக்க வேண்டும். ஃபோனை ஜன்னல் திண்டில் வைக்காமல் அம்மாவுக்கு நேரே வைக்க வேண்டும், திண்டிலிருந்து தெரு நாயின் குரைப்பு ஒன்று சரணத்தில் மெலிதாகக் கேட்கிறது. கார்டு போடும்முன் பாட்டில் என்னென்ன சுரம் வருகிறது என்று ஒரு தாளில் எழுத வேண்டும், பத்து நிமிட வேலை, நான் செய்யவில்லை. செல்லோவை மிடியில் வளைப்பதற்குப் பதில் நேரில் வாசிக்கிற ஒருவரைத் தேட வேண்டும். இல்லாவிட்டால் நானே அந்த எட்டு பாரை முனகிவிடலாம்.

திங்கட்கிழமை காலை அம்மாவிடம் ஃபோனில் போட்டுக் கொடுத்தேன். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார். முன்னிசையில் முதல் கிரீச் வந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு உத்திரத்தை அண்ணாந்து பார்த்தார். "எண்ணெய் போட்டும் கத்துதே. உங்கப்பன்கிட்ட ஒரு வேலை சொன்னா ஒழுங்காச் செய்யறாரா பாரு."